இலைச்சுருட்டிக்கு மாமனார் பேர்

என் கலியாணத்தின்போது பெண் வீட்டாருக்கு ஒரு சங்கடம் இருந்தது. மாப்பிள்ளை காலேஜில் படித்தவர், சர்க்கார் உத்தியோகம், தென்காசியிலேயே வேலை. அதுவரை சரளமாகச் சொல்லிவிடுவார்கள். "என்ன வேலை?" என்று யாராவது அடுத்துக் கேட்டால் பேச்சு தடுக்கும். தாசில்தார் கச்சேரி என்றால் சொல்லலாம். போலீஸ் என்றால் மீசையைத் தடவிக்கொண்டே சொல்லலாம். பூச்சி பிடிக்கிற வேலை என்று கலியாணப் பந்தலில் நின்றுகொண்டு எப்படிச் சொல்வது? என் மாமனார் "விவசாய இலாகா" என்பதோடு நிறுத்திக்கொள்வார். மேலே தோண்டினால் வெற்றிலைப் பெட்டியைத் தேட ஆரம்பித்துவிடுவார்.

அவரைக் குறை சொல்லமாட்டேன். எனக்கே அந்த வெட்கம் உண்டு. முப்பதுகளின் நடுவில் இலாகாவின் பூச்சிப் பிரிவில் நான் ஓர் உதவியாளன். பயிரைத் தின்கிற பூச்சிகளைச் சேகரித்து, இனம் பிரித்து, பேர் தெரிந்ததைப் பேரோடும் தெரியாததைக் கேள்விக்குறியோடும் மேலே அனுப்ப வேண்டும். மீசை முளைத்த ஆண்பிள்ளை கையில் வலையோடு வரப்பில் ஓடுவதைப் பார்த்து நாற்று நடுகிற பெண்கள் வாய்விட்டுச் சிரிப்பார்கள். அதற்குப் பயந்து வலையை மடக்கி ஒரு பழைய குடை உறைக்குள் திணித்துக்கொண்டுதான் தெருவில் நடப்பேன். மழையே இல்லாத மாசியிலும் குடையும் கையுமாகப் போகிற என்னைப் பற்றி, "சாருக்கு வெயிலும் ஆகாது, மழையும் ஆகாது" என்று காப்பி கிளப்பில் பேசிக்கொண்டார்கள். வலையைப் பற்றிப் பேசுவதற்கு இது தேவலாம் என்று இருந்துவிட்டேன்.

மாமனாருக்குச் சுந்தரபாண்டியபுரத்தில் வயல், குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போகிற பாதையில் ஒரு தோப்பு. ஊரில் பண்ணையார் என்றால் அவர்தான். நல்ல உயரம், உரத்த குரல். யார் வீட்டு விசேஷமானாலும் முதல் ஆளாகப் போய் நின்று, கடைசிப் பந்தி எழுந்த பிறகுதான் திரும்புவார். குறை என்று சொன்னால் ஒன்றே ஒன்றுதான். அவருக்கு ஆண்பிள்ளை இல்லை. என் மனைவி ஒரே மகள்.

எங்கள் ஆட்களிடையே தலைமகனுக்கு அப்பாவைப் பெற்ற தாத்தாவின் பேர், அடுத்த மகனுக்கு அம்மாவைப் பெற்ற தாத்தாவின் பேர் என்பது வழக்கம். எங்களுக்கு மூத்தது ஆண். முறைப்படி என் அப்பா பேரை வைத்தோம். அடுத்ததற்காக மாமனார் காத்துக்கொண்டிருந்தார். வருஷங்கள் போயின, அடுத்தது வரவில்லை. அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஆனால் வண்டி கட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் இறங்கியதும் முதலில் மகளின் முகத்தைத்தான் பார்ப்பார். அவள் தண்ணீர் கொண்டுவருகிற சாக்கில் அடுக்களைக்குள் போய்விடுவாள்.

பேர் நிலைக்க வேண்டும் என்பதில் அவருக்குத் தீராத ஆசை. ஊர்க் கோயில் மணியில், குத்துவிளக்கின் பாதத்தில், குளத்துப் படியில் என்று கண்ட இடத்திலெல்லாம் அவர் பேரும் "உபயம்" என்ற சொல்லும் வெட்டியிருக்கும். அவருடைய பெரியப்பா மகன் ஒருவர் இருந்தார். வயதில் இளையவர், எனக்குச் சின்ன மாமா முறை. நாலு ஆண்பிள்ளைகளைப் பெற்றவர், நாக்கும் நீளம். "படியில பேர வெட்டி வச்சிருக்காவ எங்க அண்ணாச்சி. குளிக்கப் போறவனெல்லாம் மிதிச்சிட்டுல்லா போறான்!" என்று நாலு பேர் நடுவில் சொல்லிச் சிரிப்பார். மாமனாரும் கூடச் சேர்ந்து சிரித்துவிடுவார். ஆனால் அந்தச் சிரிப்பு கண்வரை போகாது.

ஒரு பங்குனி மாதம், தோப்பில் கிராம்பு மரங்களின் கொழுந்தெல்லாம் சுருண்டுவிட்டது என்று மாமனார் ஆள் அனுப்பினார். போய்ப் பார்த்தேன். இலையை நீளவாக்கில் சுருட்டி, உள்பக்கம் பட்டு இழையால் தைத்து, அதற்குள் ஒரு பச்சைப் புழு சௌகரியமாகக் குடியிருந்தது. சுருளைப் பிரித்துத் தொட்டால் பின்பக்கமாகவே துள்ளியது. மேலும் சீண்டினால் வாயிலிருந்து ஓர் இழையை விட்டு அதில் தொங்கிக்கொண்டே தரைக்கு இறங்கிவிட்டது. இலையைச் சுருட்டுகிற எல்லாப் புழுவுக்கும் ஊரில் இலைச்சுருட்டி என்று ஒரே பேர். எங்கள் சாஸ்திரத்தில் அவற்றுக்குள் எத்தனையோ குடும்பங்கள், குடும்பத்துக்குள் எத்தனையோ இனங்கள். புழுவை வைத்து ஒன்றும் நிச்சயமாகச் சொல்ல முடியாது. வளர்த்து, அந்துப்பூச்சியாக வெளிவந்த பிறகு பார்க்க வேண்டும்.

சுருண்ட கொழுந்துகளை ஒடித்து வந்து தென்காசி வீட்டில் வளர்த்தேன். பூச்சி வளர்க்க நாங்கள் உபயோகித்தது அரிக்கேன் விளக்கின் கண்ணாடிச் சிமினிதான். அடியில் ஈர மணல் தட்டு, நடுவில் இலைக்கொத்து, மேலே மல்துணி போட்டு ஒரு நூல் கட்டு. பரண் முழுவதும் சிமினியாக நிறைந்துவிட்டது. விளக்குக்குச் சிமினி உடைந்தால் வீட்டில் மாற்றுச் சிமினி இருக்காது, எல்லாவற்றிலும் புழு இருக்கும்.

பூச்சிகள் வெளிவந்தன. அதில்தான் விபரீதம் ஆரம்பித்தது. ஒரே மரத்துக் கொழுந்திலிருந்து இரண்டு விதமாக வந்தன. ஒன்று பெரியது. பெரியது என்றால் சுண்டுவிரல் நகத்தளவு. மங்கின காவி நிறம், சிறகு நுனி லேசாகக் கொக்கிபோல வளைந்திருக்கும், பின்சிறகில் ஆரஞ்சுச் சாயல். மற்றது அதில் பாதிதான். சாம்பல் நிறச் சிறகில் காப்பிக்கொட்டை நிறத்தில் அழுத்தமான ஒரு திட்டு, முன்சிறகின் ஓரத்தில் ஒரு மடிப்பு. அருகருகே வைத்தால் யாரும் உறவென்று சொல்லமாட்டார்கள்.

பெரியதைப் புத்தகத்தில் உடனே கண்டுபிடித்துவிட்டேன். ஒரு வெள்ளைக்காரர் எப்போதோ பேர் வைத்து எழுதிவிட்டுப் போயிருந்தார். சிறியதை எந்தப் புத்தகத்திலும் காணோம். அடையாளங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து இனம் கண்டுபிடிக்கிற அட்டவணையில் எந்த வழியாகப் போனாலும் நடுவழியில் நின்றது. புது இனமாக இருந்தால் அதை உலகத்துக்குச் சொல்கிறவன் நான். பேர் வைக்கிற உரிமையும் எனக்கு.

இனத்தை நிச்சயிக்கச் சிறகு மட்டும் போதாது. சிறகு ஏமாற்றும். அந்த நாளில் புதிதாக வந்திருந்த முறை, பூச்சியின் வயிற்று நுனியை வெட்டி, காஸ்டிக் பொட்டாஷில் போட்டுக் காய்ச்சி, சதை கரைந்த பிறகு மிஞ்சுகிற கெட்டியான உறுப்புகளை மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது. என்ன உறுப்பு என்று நான் விளக்க வேண்டியதில்லை. ஆண் பூச்சியின் அந்த உறுப்பு ஒவ்வோர் இனத்துக்கும் ஒவ்வொரு வடிவம். வீட்டில் அதைச் சொல்ல முடியுமா? அடுக்களையில் காய்ச்சிக்கொண்டிருந்தபோது மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தாள்.

"என்னத்தங்க இப்படிக் காய்ச்சுதீய? குடலப் புடுங்குது நாத்தம்."

"பூச்சியோட வால்."

"வால வச்சி என்ன தெரியும்?"

"சொந்தம் தெரியும்" என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள், கிண்ணத்தைப் பார்த்தாள், போய்விட்டாள். எனக்குக் காது சூடாகிவிட்டது.

சிறிய பூச்சிகளைத்தான் அறுத்தேன். எல்லாம் ஆணாக இருந்தன. பெண் கிடைக்கவில்லையே என்று கொஞ்சம் உறுத்தியது. அடுத்த கொழுந்தில் வரும் என்று விட்டுவிட்டேன். பெரியதை ஒன்றுகூட அறுத்துப் பார்க்கவில்லை. அதுதான் புத்தகத்தில் பேரோடு இருக்கிறதே, அதை எதற்குக் காய்ச்ச வேண்டும் என்கிற மெத்தனம். மேலதிகாரியிடம் நேரில் போய்ப் படங்களைக் காட்டினேன். அவர் நிதானமான மனிதர். "புதிதாகத்தான் தோன்றுகிறது. ஆனால் அவசரப்படாதே. இன்னும் ஒரு பருவம் வளர்த்துப் பார்" என்றார். "புதிதாகத்தான் தோன்றுகிறது" என்பது மட்டும் என் காதில் ஏறியது.

இவ்வளவோடு நின்றிருந்தால் இது எனக்கும் மேலதிகாரிக்கும் நடுவே போயிருக்கும். வாய் முந்திக்கொண்டது. சுந்தரபாண்டியபுரத்தில் ஒரு மத்தியானம் மாமனாரோடு பந்தியில் உட்கார்ந்திருந்தேன். சின்ன மாமாவும் இருந்தார். "என்ன மாப்ளே, இன்னும் பூச்சிதான் புடிக்கியளா, இல்ல உத்தியோக உயர்வு வந்து எலி புடிக்கப் போட்டுட்டாவளா?" என்று அவர் கேட்டார். பரிமாறுகிற பெண்கள்கூடச் சிரித்தார்கள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. குற்றாலத் தோப்பில் கிடைத்தது உலகத்திலேயே யாரும் பார்க்காத பூச்சி, அதற்குப் பேர் வைக்கப்போகிறவன் நான், அந்தப் பேர் லண்டன் வரைக்கும் புத்தகத்தில் ஏறும், மனிதர்கள் பேரைக்கூட வைப்பதுண்டு என்று மூச்சுவிடாமல் சொன்னேன். மாமனார் பிசைந்த சோற்றை இலையிலேயே வைத்துவிட்டார்.

"மனுசன் பேரயா?"

"ஆமா மாமா. யார் பேரை வேணும்னாலும் வைக்கலாம். கடைசியில ஒரு எழுத்து மட்டும் சேத்துக்கிடுவாங்க."

"அழிக்க முடியாதுல்லா?"

"உலகம் இருக்கிறவரைக்கும் அழியாது."

சாயங்காலம் நான் புறப்படும்போது வண்டி வரைக்கும் கூட வந்தார். மாட்டின் திமிலைத் தடவிக்கொண்டு, என்னைப் பார்க்காமல், "தோப்பு நம்ம தோப்புதான மாப்ளே" என்றார். அவ்வளவு பெரிய மனிதர் அவ்வளவு சின்னக் குரலில் பேசி நான் கேட்டதில்லை. எனக்கு மனசு இளகிவிட்டது. "மாமா பேரைத்தான் வைக்கப்போறேன்" என்றேன். சொல்லும்போது எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. பூச்சி பிடிக்கிற மாப்பிள்ளையால் முதல் தடவையாக அவருக்கு ஒரு பிரயோஜனம்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது மனைவி சந்தோஷப்படவில்லை. "நிச்சயமாத் தெரியுமா?" என்று கேட்டாள். தெரியும் என்றேன். "எங்கப்பாட்ட அரைகுறையாச் சொல்லாதீங்க. அவரு அத வச்சிக்கிட்டே இருப்பாரு" என்றாள்.

அவர் வைத்துக்கொண்டிருக்கவில்லை, ஊர் முழுக்கச் சொன்னார். சந்தையில் சொன்னார், கோயிலில் சொன்னார், செங்கோட்டை ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் சொன்னார். கடைசியில் சேர்க்கிற எழுத்தையும் சேர்த்துத் தன் பேரை வெள்ளைக்காரன் சொல்லுகிற மாதிரி சொல்லிக் காட்டுவார் என்று கேள்விப்பட்டேன். கேட்கக் கூச்சமாக இருந்தாலும் தடுக்கத் தோன்றவில்லை. கட்டுரையை எழுதி முடித்து, பேர் வருகிற இடத்தில் அவர் பேரைப் போட்டு, அதைத் திரும்பத் திரும்ப நானே வாசித்துக்கொண்டிருந்தேன். மேலே அனுப்புவதற்கு ஒரு பெண் பூச்சிதான் பாக்கி.

ஆடியில் சாரல் நன்றாக விழுந்தது. சொந்தக்காரர்கள் அருவியில் குளிக்க வந்து தோப்பு வீட்டில் தங்குவது வருஷா வருஷம் நடப்பதுதான். அந்த வருஷம் மாமனார் அதை ஒரு விருந்தாகவே ஏற்பாடு செய்துவிட்டார். கிராமத்துப் பெரிய மனிதர்கள், பங்காளிகள், சம்பந்திகள் என்று ஒரு கூட்டம். காலையில் அருவிக்குளியல், வந்ததும் பூச்சியைப் பார்ப்பது, அப்புறம் சாப்பாடு. "மாப்ளே, உசுரோட இருக்கணும். செத்தத ஊசில குத்திக் காட்டுனா விசேசத்துல நல்லா இருக்காது" என்று எனக்கு முன்கூட்டியே உத்தரவு.

இரண்டு நாள் முன்னதாகவே போய் ஏற்பாடு செய்தேன். இரண்டு இனத்தையும் அடுத்தடுத்து வைத்துக் காட்டினால்தான் வித்தியாசம் புரியும் என்று, அதுவரை வேறு வேறு சிமினியில் வைத்திருந்த பெரியதையும் சிறியதையும் இருப்பதிலேயே நல்லதாக ஒரு சிமினியில் ஒன்றாக விட்டேன். அழகான கிராம்புக் கொழுந்தும் வைத்தேன். பளிச்சென்று இருக்கட்டும் என்று கண்ணாடியைத் துடைத்தேன். கடை பரப்புகிறவன் புத்தி. பூச்சியைப் பற்றி யோசிக்கிறவன் புத்தி அப்போது என்னிடம் இல்லை.

விருந்தன்று காலை ஈரத் துண்டும் ஈரத் தலையுமாக எல்லாரும் வந்து சேர்ந்தார்கள். மாமனார் சரிகை வேஷ்டி கட்டியிருந்தார். மேஜைமேல் சிமினி, அதற்கு ஒரு பட்டுத் துணி போர்த்தியிருந்தார், நான் சொல்லாமலே. வெளியே தூறல், உள்ளே வெளிச்சம் குறைவு. நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, இந்தச் சிமினியில் இரண்டு தனித்தனி இனங்கள் இருக்கின்றன, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை, சாம்பல் நிறத்தில் சிறியதாக இருப்பதுதான் புதியது, அதற்குத்தான் மாமாவின் பேர் என்று ஒரு சின்னப் பிரசங்கம் செய்தேன். மாமனார் துணியை எடுத்தார்.

சின்ன மாமாதான் முதலில் குனிந்து பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, "மாப்ளே, ஒண்ணுக்கொண்ணு சம்பந்தம் இல்லேன்னா சொன்னீய?" என்றார்.

"ஆமா."

"இங்கன சம்பந்தமே முடிஞ்சு போச்சே! ரெண்டும் குடித்தனம்லா நடத்துது!"

குனிந்து பார்த்தேன். மல்துணியின் உள்பக்கத்தில், பெரிய காவிப் பூச்சியும் சிறிய சாம்பல் பூச்சியும் எதிரெதிர்ப் பக்கம் பார்த்தபடி, வால் வாலோடு ஒட்டி அசையாமல் உட்கார்ந்திருந்தன. கொஞ்சம் தள்ளி இன்னொரு ஜோடி. கீழே கொழுந்தின்மேல் இன்னொன்று. பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினார்கள். ஆண்கள் ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தார்கள். தோப்பு வீடே சிரிப்பில் அதிர்ந்தது.

எனக்கு ஒரு கணத்தில் எல்லாம் புரிந்துவிட்டது. சிறியதில் ஏன் பெண்ணே வரவில்லை என்றால், பெரியதெல்லாம்தான் பெண். புத்தகம் எழுதிய வெள்ளைக்காரர் பெண்ணை மட்டும் பார்த்துப் பேர் வைத்திருந்தார். அதன் புருஷனைத்தான் நான் புது இனம் என்று தூக்கிக்கொண்டு அலைந்திருக்கிறேன். ஒரு பெரிய பூச்சியின் வயிற்றை அறுத்துப் பார்த்திருந்தால் போதும். ஊரார் வாலையெல்லாம் காய்ச்சிப் பார்த்தவன் அதை மட்டும் பார்க்கவில்லை.

மாமனார் சிரிக்கவில்லை. "மாப்ளே, அது என்னது?" என்று கேட்டார். ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். கூட்டத்தில் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் என் முகத்தில் ஈயாடவில்லை, அதைப் பார்த்துவிட்டுத்தான் அவர் கேட்டார்.

"ஒரே பூச்சிதான் மாமா. ஆணும் பெண்ணும்."

"அப்ப பேரு?"

"பேர் ஏற்கெனவே இருக்கு. மாத்த முடியாது."

சிரிப்பு சட்டென்று நின்றது. அது நின்றதுதான் எனக்கு அதிகமாக வலித்தது. எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். அவர் பட்டுத் துணியை மடித்தார், திரும்பவும் பிரித்து இன்னும் சிறியதாக மடித்தார், இடுப்பில் செருகிக்கொண்டார். "சரி, இலை போட்டாச்சு. வாங்க, சாப்பாடு ஆறுது" என்று முன்னால் நடந்தார். பந்தியில் எனக்குப் பக்கத்தில் நின்று, பாயசத்தைத் தன் கையாலேயே ஊற்றினார். இலையை விட்டு நான் தலையைத் தூக்கவில்லை. பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்றிருந்தது.

ஆடி முடிவதற்குள் பட்டப்பேர் வந்துவிட்டது. முதலில் யார் சொன்னது என்று தெரியாது. சின்ன மாமாவாக இருக்கும், இல்லாமலும் இருக்கலாம். எங்கள் சீமையில் பட்டப்பேர் ஒட்டிக்கொண்டால் உரிக்க முடியாது. பூச்சி பிடித்தது நான், தப்பாக இனம் பிரித்தது நான், பிரசங்கம் செய்ததும் நான். எனக்கு யாரும் பேர் வைக்கவில்லை. நான் கடைசிவரை "சார்"தான். அவர்தான் பூச்சிப் பண்ணையார் ஆனார்.

அதை நானே என் காதால் கேட்டேன். தென்காசி ஸ்டேஷனில் வண்டி பேசும்போது, சுந்தரபாண்டியபுரத்தில் யார் வீட்டுக்கு என்று வண்டிக்காரர் கேட்டார். பேரைச் சொன்னேன். அவருக்கு விளங்கவில்லை. தெரு அடையாளம் சொன்னேன். "அட, பூச்சிப் பண்ணையார் வீட்டுக்கா? அப்படிச் சொல்லுங்க. ஏறுங்க" என்றார். கேலியாகச் சொல்லவில்லை. அவருக்கு அதுதான் பேர். நான் "ஆமா" என்று சொல்லி ஏறி உட்கார்ந்தேன். அந்த ஒரு "ஆமா"வை நினைத்தால் இன்றைக்கும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

மேலதிகாரியிடம் போய் உண்மையைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. "அச்சில் வருவதற்கு முன்னால் தெரிந்ததே, அதுவே அதிர்ஷ்டம். பலருக்கு வந்த பிறகுதான் தெரியும்" என்றார். ஆண், பெண் இரண்டையும் சேர்த்து விவரித்து ஒரு குறிப்பு எழுதச் சொன்னார். எழுதினேன். உபயோகமான குறிப்பு என்று பாராட்டுகூட வந்தது. அதை யாரிடமும் காட்டவில்லை.

மாமனார் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. வந்தால் அதே உபசாரம், அதே "வாங்க மாப்ளே." ஆனால் அவர் விசேஷ வீடுகளுக்கு முதல் ஆளாகப் போவதை நிறுத்திவிட்டார். தாமதமாகப் போய், மொய்யை எழுதிவிட்டு, இலை போடுவதற்குள் திரும்பிவிடுவார். அடுத்த வருஷம் கோயிலுக்கு ஒரு பெரிய அண்டா வாங்கிக் கொடுத்தார். பேர் வெட்ட ஆசாரி வந்தபோது வேண்டாம் என்று அனுப்பிவிட்டாராம். இதை என் மனைவிதான் சொன்னாள். "உங்கள ரெண்டு வார்த்தை திட்டியிருந்தார்னா எனக்கு நல்லா இருந்திருக்கும்" என்றும் சொன்னாள். எனக்கும்தான்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலத்தில், மூத்தவன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்து வெகுநாள் கழித்து, யாரும் எதிர்பார்க்காதபோது, என் மனைவி மறுபடியும் உண்டானாள். பிரசவம் அப்பா வீட்டில். ஆண் குழந்தை. செய்தி கேட்டதும் எனக்கு முதலில் தோன்றியது பிள்ளையைப் பற்றி அல்ல, பேரைப் பற்றித்தான். இனி ஒரு தப்பும் நேர வழியில்லை. இது அட்டவணை பார்த்து நிச்சயிக்கிற பேர் இல்லை. வழக்கம் கொடுக்கிற பேர், எந்த வெள்ளைக்காரரும் முந்திக்கொள்ள முடியாத பேர். பட்ட கடனை அடைத்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டே சுந்தரபாண்டியபுரம் போனேன்.

பேர் வைக்கிற அன்று கூடம் நிறைந்திருந்தது. சின்ன மாமாவும் வந்திருந்தார். தாய்மாமன் இல்லாததால் பிள்ளையின் காதில் பேர் சொல்ல வேண்டியவர் தாத்தாதான். நான் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "வழக்கப்படி மாமா பேர்தான்" என்றேன். கூட்டத்தில் தலைகள் ஆடின. மாமனார், "மாப்ளே, கொஞ்சம் இங்கன வாங்க" என்று என்னைப் பின்கட்டுத் தொழுவத்துக்குக் கூட்டிப்போனார்.

"அந்தப் பேரு வேண்டாம்" என்றார்.

"ஏன் மாமா? உங்க பேர்தானே முறை?"

"முறைதான். நான் எவ்வளவு நாளா எதிர்பார்த்துக்கிட்டு இருந்தேன்னு உங்களுக்குத் தெரியாது." கட்டியிருந்த மாட்டைத் தடவிக்கொடுத்தார். "பிள்ளைய அந்தப் பேரச் சொல்லிக் கூப்பிட்டா, நாளைக்குத் தெருவுல எந்தப் பயலும் அவன அந்தப் பேரச் சொல்லிக் கூப்பிட மாட்டான் மாப்ளே. குட்டிப் பூச்சிம்பானுவ. பள்ளிக்கூடத்துலயும் அதத்தான் சொல்லுவானுவ. எனக்கு வயசாயிட்டு, நான் தாங்கிக்கிடுதேன். அவனுக்கு எதுக்கு?"

"மாமா, என்னாலதான்" என்று ஆரம்பித்தேன். அழுதுவிட்டேன்.

"அட, நீங்க என்ன செய்வீய? நீங்க ஆசப்பட்டுத்தான் சொன்னீய, நானும் ஆசப்பட்டுத்தான் கேட்டேன்" என்று தோளிலிருந்த துண்டை எடுத்துக் கொடுத்தார். "மொகத்தத் துடைங்க. எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காவ."

கூடத்துக்குத் திரும்பினோம். அவர் சம்மணம் போட்டு உட்கார்ந்து பிள்ளையை மடியில் வாங்கிக்கொண்டார். காதோரம் குனிந்து, பண்பொழி மலைமேல் இருக்கிற சாமியின் பேரை மூன்று தடவை சொன்னார். மூன்றாவது தடவை குரல் பிசிறியது. சின்ன மாமாகூடத் தலையைக் குனிந்துகொண்டு, "நல்ல பேரு அண்ணாச்சி" என்று மட்டும் சொன்னார்.

"நல்ல பேருதான்" என்றார் மாமனார். பிள்ளையை என்னிடம் நீட்டினார். நான் பிள்ளையைப் பார்த்தபடியே வாங்கிக்கொண்டேன். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.